வெள்ளைக் கண் ஈயும் வழக்கு நெல்லும்

பழ ஈ வளர்ப்பு எல்லா வீட்டிலும் தானாக நடக்கிற தொழில்; வேண்டுமென்று உட்கார்ந்தால் மட்டும் நடக்காது.

வாழைத்தாரைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடி ஈதான். அதில் வெள்ளைக் கண் உள்ள வம்சம் ஒன்றை வைத்து என் மகள் வசந்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஸ்ட்ரைக் என்று கல்லூரியைக் காலவரையின்றி மூடினார்கள். பாட்டில்களைக் கூடையில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்து மன்னார்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கோடை முடியும்வரை வம்சம் பிழைத்தால் எண்ணி முடித்து ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அழிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுடைய கைடோ இந்த வருஷத்தோடு ரிட்டயர் ஆகிறார். டைப்பிங், நூலகம் என்று அவள் தஞ்சாவூரில் தோழி வீட்டில் தங்கிவிட, ஈக்கள் என் தலையில் விழுந்தன. உங்கள் தலையிலும் இப்படி எதுவாவது விழுந்திருந்தால் மேலே படியுங்கள். ஆறுதலை எதிர்பார்க்காதீர்கள்.

கேசரி

ஈக்குச் சாப்பாடு ரவையும் வெல்லமும். கொஞ்சம் கடற்பாசி போட்டுக் கிளறி, பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து சொட்டுவிட்டு, பாட்டிலில் ஊற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும். நான் அவசரக்காரி. ஆவி பறக்கும்போதே அடைத்தேன். உள்ளே வியர்த்துக் கொட்டியது. ஈக்கள் அதில் முங்கிச் செத்தன. தப்பிப் பிழைத்தவற்றைப் பச்சைப் பூசணம் பார்த்துக்கொண்டது. துணி போட்டு மூடி ஆறவிடுங்கள், பிறகு அடையுங்கள். ஒரு தாள் துண்டை மடித்துச் செருகினால் ஈரம் அதில் ஏறும். பொறுமை பெரிய குணம் என்று கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குத் தினமும் சொன்னார்கள். ஈக்காக என்று சொல்லவில்லை.

மறுபடி கிளறிக்கொண்டிருந்தபோது கீழ்வேளூரிலிருந்து நாத்தனார் வந்தாள். வாணலியை எட்டிப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"ஈக்குக் கேசரி, எங்களுக்கு வெறும் காப்பியா அண்ணி?"

எறும்பு

வெல்லம் இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும். மேசைக்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வைத்தியம் கிடையாது. நான் கிண்ணம் எடுக்க உள்ளே போய் வருவதற்குள், எங்கள் வீட்டுக்காரர் வயலுக்குத் தூவும் பூச்சிமருந்துப் பொடியை மேசையைச் சுற்றிக் கோலம்போல் போட்டுவைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் பாதிப் பாட்டில்களில் ஈக்கள் மல்லாந்துவிட்டன. கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஒரு எறும்பு இருக்கா பாரு."

கத்திரி வெயில்

வெயில் ஏறினால் ஆண் ஈ சாகாது. பறக்கும், தின்னும், பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும். வாரிசு மட்டும் வராது. நமக்குப் பழக்கமில்லாத விஷயமா என்ன. ஈரமணல் பரப்பிய தட்டில் பாட்டில்களை நிறுத்தி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு, மின்விசிறியைத் திருப்பிவைத்தால் சரியாகும். மின்சாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க அது இருக்காது. ஆட்சி மாறினால் அறிக்கை மாறும், கரண்ட் அதேதான். மின்சார ஆபீசுக்கு நடந்துபோய், பிள்ளையின் படிப்பு போகிறது என்று சண்டை போட்டேன். அங்கிருந்த லைன்மேன் கோபப்படவே இல்லை.

"ஈக்குக் காத்து வேணும்னு எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பிவைக்கிறேன்."

நடக்கும் தூசி

எங்கள் வீட்டில் குளுமையான இடம் கூடம் ஒன்றுதான். மாடியில் தகரக் கூரை, சமையலறையில் அடுப்பு. அந்தக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு உத்தரம் வரை நெல்மூட்டை. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் செல்லையாவுக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் வழக்கு. தீர்ப்பு வரும்வரை விளைந்த நெல்லை யாரும் விற்கக் கூடாது. அதனால் இவர் அதை வீட்டுக்குள் ஏற்றிக் காவல் காத்தார்.

ஒரு நாள் பாட்டில் கழுத்தில் தூசி. துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் தூசி நடந்துகொண்டிருந்தது. வசந்தி வந்து லென்ஸில் பார்த்து முகம் வெளுத்தாள். நெல்லில் வருகிற பொடி உண்ணி. பாட்டிலுக்குள் புகுந்து கூட்டத்தையே அழித்துவிடும். உண்ணி பிடித்த பாட்டிலைக் கொதிநீரில் போட வேண்டும், பிடிக்காததைத் தானியம் இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? நெல்லை ரைஸ்மில் கிடங்குக்கு அனுப்புங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சிப் பழகியவள் இல்லை; நன்றாக வரவில்லை.

"நெல்லு வாசப்படி தாண்டிச்சுன்னா கேஸும் தாண்டிடும். ஈயை வேணா கிடங்குக்கு அனுப்பு."

இரண்டு பூட்டு

அவருக்குத் தெரியாமல் செல்லையா வீட்டுக்கே போனேன். வாய்க்காலைத் தாண்டினால் அவர் வீடு. இத்தனை வருஷத்தில் போனதில்லை. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நெல்லை மில் கிடங்கில் வைத்துவிட்டு, கதவுக்கு உங்கள் பூட்டு ஒன்று, எங்கள் பூட்டு ஒன்று போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டேன். செல்லையா சங்கடத்தோடு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நானே அதைத்தாம்மா அறுப்பு அன்னிக்கே சொன்னேன். என் பூட்டுக்குப் பக்கத்துல உன் பூட்டு தொங்குமாடான்னு அய்யாதான் கேட்டாங்க."

கழுவிக் கவிழ்த்தது

அடுத்த வாரம் வசந்தி வந்தபோது மிச்சமிருந்தது மூன்று பாட்டில். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தூசி மட்டும் நடந்தது. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாட்டில்களைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவி, வரிசையாகக் கவிழ்த்துவைத்தாள். அப்போதுதான் கோர்ட்டிலிருந்து அவள் அப்பா வந்தார். மறுபடி வாய்தாவாம், லீவு முடிந்துதான் விசாரணையாம். நெல் பத்திரமாக இருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. வெயிலில் மினுங்கிய பாட்டில்களைப் பார்த்து, எல்லாம் எண்ணி முடித்தாயிற்றா என்று மகளைக் கேட்டார்.

"எண்ணியாச்சுப்பா. ஒண்ணுமில்ல."

ஈ வளர்ப்பில் வருகிற எல்லாத் தொல்லைக்கும் இப்போது எனக்கு வைத்தியம் தெரியும், வளர்க்கத்தான் ஈ இல்லை.