மடித்துவிட்டு விரிப்பவர்

கிள்ளான் பாசாரில் நான் சந்தைத் தரையில் சேலை பரப்பி விற்ற நாட்களில், பக்கத்தில் பாய் ஒருவரும் சேலை விற்றார். என்னைவிட வயதில் சிறியவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு சேலையை விரித்துக் காட்டினால், அதை மடித்து வைத்த பிறகுதான் அடுத்ததை எடுப்பார். பொறுமையில்லாத பெண்கள் அவரை விட்டு என்னிடம் வந்துவிடுவார்கள். என் முன்னால் சேலைகள் குவிந்து கிடக்கும். குவியலைப் பார்த்துத்தான் கூட்டம் சேரும் என்பது என் எண்ணம்.

ரப்பர் தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள், பாசார் நிறைந்திருந்த மத்தியானத்தில் மழை கொட்டியது. நான் போட்ட முதல் மொத்தமும் அந்தக் குவியல்தான். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் தம் மூட்டையைக் கட்டிக் கூரைக்கடியில் போட்டுவிட்டு ஓடி வந்து, என் சேலைகளை வாரி எடுத்துக்கொண்டு போனார். முக்கால்வாசி தப்பியது.

"மழை வரும்னு தெரிஞ்சுதான் மடிச்சு மடிச்சு வச்சீங்களா, பாய்?" என்று கேட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "மழைய யாருண்ணே கண்டா? ஒரு வேலைய முடிக்காம இன்னொண்ணத் தொட்டா எனக்குக் கை ஓடாது. யாவாரம் கொஞ்சம் கொறையும். கொறைஞ்சா கொறையட்டும்."

இப்போது பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் சொந்தக் கடை. யார் அவசரப்படுத்தினாலும் மடித்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்கிறேன். அன்று பாசாரில் அத்தனை பேரும் தத்தம் சரக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உதவக் காலியாக இருந்தவை அவருடைய கைகள் மட்டுந்தான்.