யாரோ கிடாரின் வயிற்றில் கை வைக்கிறார்கள்

சென்ற வாரம் ஒரு நண்பனை இழக்கத் தயாராகத்தான் அறையை விட்டுக் கிளம்பினேன்!

காரணம் ஒரு எலக்ட்ரிக் கிடார்.

அது எனக்குப் பாதி, ஜூலியனுக்குப் பாதி. தனியாக வாங்க இருவருக்கும் வக்கில்லை.

ஒரு வாரம் உழவர்கரையில் என் அறையில் இருக்கும். மறுவாரம் டவுனில், அவன் வீட்டில். ஞாயிறு பூசை முடிந்து அவன் வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் கைமாறும்.

வாங்கிக்கொள்பவர் அங்கேயே பையைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். நாங்களே வைத்துக்கொண்ட நாகரிகம்.

(எல்லாப் பிரச்சினைக்கும் இந்த நாகரிகம்தான் காரணம்.)

கொஞ்ச நாளுக்கு முன்பு, என் முறை. ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கிடாரின் சுவிட்சை நடுவில் வைத்தேன். நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

(பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள். அதிர்வை வாங்கிக் கரண்ட்டாக அனுப்பும். தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.)

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கனமே இல்லை.

சுவிட்சை மேலே தள்ளினேன். நன்றாக இருந்தது. கீழே. அதுவும் நன்றாக இருந்தது. நடுவில் மட்டும் மூக்கு.

முதலில் சுவிட்சைச் சந்தேகித்தேன். துடைத்தேன். இல்லை.

பிறகு வால்யூம் குமிழ். இல்லை.

கேபிள். இல்லை.

பிறகு ஜூலியன்.

நல்ல பிக்கப்பைக் கழற்றி விற்றுவிட்டு மட்டமானதைப் போட்டுவிட்டானா?

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டும் பழைய பிக்கப்புகளேதான். சுருள் அறுந்திருக்கவுமில்லை.

அப்புறம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்த ஒரு வித்தை. பிக்கப்பின் காந்தத்தில் ஸ்க்ரூடிரைவரை ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுத்தால் மீட்டரின் முள் துள்ளும். இரண்டு பிக்கப்புக்கும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

ஒன்றுக்கு வலப்பக்கம் துள்ளியது. மற்றதற்கு இடப்பக்கம்!

ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருந்தன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்கிறது.

பற்றவைத்த இடத்தில் ஈயம் கொண்டைக்கடலை அளவுக்குத் திரண்டிருந்தது. கம்பெனிக்காரன் கை இப்படி இருக்காது. என் கையும் அல்ல.

ஒயரைச் சரியாக மாற்றி வைத்தேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்கிறான், பார்ப்போம்.

கிடார் போனது. வந்தது.

மூக்கு. கொண்டைக்கடலை.

மறுபடி சரிசெய்தேன். போனது. வந்தது. மூக்கு!

இப்போது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. "உனக்கு வாசிக்கவே நேரம் கெடைக்கலல்ல மச்சான்?" என்று ஒருநாள் பரிவாகக் கேட்டானே, அதுகூட. கிடார் கெட்டுவிட்டதென்று என்னை நம்பவைக்கிறான். சலித்துப்போய் என் பாதியை அவனுக்கே கொடுத்துவிடுவேன் என்று காத்திருக்கிறான்.

இனி கூட்டு வேண்டாம். முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். சனிக்கிழமையே கிடாரோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மாதான் கதவைத் திறந்தார்.

"வாங்க முசே! நாளைக்குத்தான கைமாத்துவீங்க? இன்னா, இன்னைக்கே?" (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. யார் வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.)

ஜூலியன் பிரெஞ்சு ட்யூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தான்.

"உள்ள ஒயர மாத்துறது நீதான?" என்றேன்.

மறுப்பான் என்று நினைத்தேன்.

"ஆமா, நான்தான். வாராவாரம் அதப் போயி கெடுக்குறது நீதான?"

"கெடுக்குறனா? நான் சரி பண்றேன்டா!"

"எதுடா சரி? அந்தத் தொம்முதொம்முன்னு சத்தமா? கூடப் பாட்றவன் கொரலே கேக்காது. நான் மெனக்கெட்டு ஒல்லியாக்கி வக்கிறேன். நீ ஊதி உப்ப வச்சு அனுப்புற!"

"சொல்லிட்டு செய்யறதுதான?"

"சொன்னா உட்ருவியா?"

(விட்டிருக்க மாட்டேன்.)

"என் பங்க அடிச்சிக்கப் பாக்குறியோன்னு இருந்தேன்டா."

"நான் மட்டும்? வேணும்னே என்ன வாசிக்க உடாம பண்றன்னு இருந்தேன். நாளைக்கு வாசல்ல வச்சே கேட்ருப்பேன்."

சமையலறையிலிருந்து அம்மா: "ஆளுக்கொரு வாரம் ஒளிஞ்சி ஒளிஞ்சி வைத்தியம் பாக்குறீங்களே, ஒரு தபா சேர்ந்து பாத்தா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க?"

பார்த்தோம்.

முதலில் என் சத்தம். ஜூலியன் ஓங்கி மீட்டினான். அறை நிறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"காபிக்கு சக்கர போடவான்னு எத்தினி வாட்டி கத்துறது?"

எங்கள் காதில் விழவே இல்லை.

பிறகு அவன் கொண்டைக்கடலை. அதே வேகத்தில் மீட்டினான்.

"சக்கர தீந்துபோச்சு!" உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது.

ஒப்புக்கொள்ள மனமில்லை. ஆனால் அவன் பாட்டுக்குப் பின்னால் வாசிக்கிறவன். நான் தனியாக வாசிக்கிறவன். இரண்டு சத்தமும் சரிதான்.

கடைத்தெருவில் ஒரு குட்டிச் சுவிட்ச் வாங்கிவந்து உள்ளே சேர்த்தோம். மேலே தள்ளினால் என் சத்தம், கீழே தள்ளினால் அவன் சத்தம். அதற்கு ஓட்டை போடும்போது இருவருமே டிரில்லரைப் பிடித்துக்கொண்டோம். அவசியமில்லைதான்.

மறுநாள் வழக்கம்போலக் கிடாரை அவனிடம் கொடுத்தேன். பிரிவினைப் பேச்சு எடுக்கவேயில்லை.

இன்று காலை திரும்ப வந்தது.

"உள்ள கை வச்சியா?"

"சத்தியமா இல்ல மச்சான். தெறந்து பாத்ததோட சரி."

"எதுக்குத் தெறந்த?"

"நீ கை வச்சிருக்கியான்னு பாக்கத்தான்!"

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அறைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திறந்தேன்.

எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

(அவனை நம்புகிறேன். இருந்தாலும்.)