உயர்ந்த வளையங்களும் சைமாவின் சட்டையும்

வில்யோ பெல்ட்டோவின் வேட்டைக் குடிலில், அடுப்புக்கு மேலே, சைமா கோர்ப்பியின் கம்பளிச் சட்டைத் துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட சட்டை. மானைச் சுட்டுத் தவறவிட்டவர் அன்று உடுத்தியிருக்கும் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம். அமெரிக்காவின் மேல் மிச்சிகனில் அந்த வழக்கம் இல்லாத குடிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சைமாவுக்கு வழக்கத்தின்மேல் கோபம் இல்லை. அவளே சிலருடைய வாலை வெட்டியிருக்கிறாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. கத்தரிக்கோலைப் பிடித்தவன் ராய்.

ராய் அவள் கணவன் ஆர்னேயின் தம்பி. அவளுடைய துப்பாக்கியில் குறிபார்க்கும் தொலைநோக்கியை, அந்த ஸ்கோப்பை, மாட்டிக் கொடுத்தவன் அவன். அந்த ஸ்கோப்பால்தான் அவள் தவறினாள். அதே ராய் வெட்டிய துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்கப்பா, இதுல ஒரு ஓட்டைகூட இல்ல. அண்ணி சுட்டது இதுலயும் படல!" என்றான். குடிலே சிரித்தது. ஆர்னேகூடச் சிரித்தான். அதற்காக அவன் ஒரு வாரம் தன் காபியைத் தானே போட்டுக் குடிக்க வேண்டியிருந்தது.

சட்டை போனதோடு முடியவில்லை. தவறியவர் மானுக்குக் காத்து உட்காரும் தன் நல்ல பரணை விட்டுவிட்டு, சாலையோரம் இருக்கும் ஜல்லிக்குழிப் பரணுக்குப் போக வேண்டும். அடுத்து யாராவது தவறும்வரை அங்கேதான். அங்கே மான் வராது, லாரிகள் வரும். சைமாவின் பரண் சிடார் மரச் சதுப்பின் விளிம்பில் இருந்தது. கல்யாணமான முதல் நவம்பரிலிருந்து அவள் உட்கார்ந்த இடம். மறுநாள் விடிவதற்குள் ராய் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்த வேட்டைப் பருவம் முடியும்வரை வேறு யாரும் தவறவே இல்லை.

சைமா மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள். நியாயம் தப்பினால் விடமாட்டாள் என்று ஊருக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஆண்களுக்குத் தைத்த கையுறைதான் இருக்கிறது, இஷ்டமிருந்தால் போட்டுக்கொள் என்றார்கள். அவள் அதையே மாட்டிக்கொண்டு துறைக் கூட்டத்துக்குப் போய், தலைவர் நீட்டிய கையைக் குலுக்கினாள். கையுறை அவர் கையோடு கழன்று வந்துவிட்டது. அடுத்த வாரமே அவள் அளவுக்குக் கையுறை வந்தது. கோபத்தில் அவள் கத்துவதில்லை. குரல் தாழ்ந்துவிடும், சொற்கள் ஒவ்வொன்றாக வரும். கேட்கிறவருக்கு அதுதான் கஷ்டம்.

ஸ்கோப் வந்த கதை இது. அறுபதை நெருங்கும்போது அவளுக்குத் துப்பாக்கியின் பின் குறிமுள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. முன் குறிமுள்ளும் மானும் தெளிவு. கண்ணுக்குக் கிட்டே மட்டும் ஒரு புகை. ராயிடம் சொன்னதுதான் தப்பு. "விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று துப்பாக்கியை வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது அதன் முதுகில் ஒரு பெரிய ஸ்கோப், புட்டி தடிமனில், இரண்டு உயரமான வளையங்களின்மேல் நின்றது. வளையங்களுக்கு அடியில் சுரங்கம்போல ஒரு துளை.

"மேல பாத்தா ஸ்கோப். துளை வழியா பாத்தா பழைய குறிமுள். ஒண்ணுல ரெண்டு, அண்ணி!"

"பழைய குறிமுள் தெரியலன்னுதானேடா ஸ்கோப் கேட்டேன்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?"

அவளுடையது லிவரை இறக்கி ஏற்றிக் குண்டு ஏற்றும் பழைய வகைத் துப்பாக்கி. அதன் மரக்கட்டை சரிந்து தாழ்ந்திருக்கும். கன்னம் கட்டையில் பதிந்தால் கண் தாழ்ந்த குறிமுள்ளுக்கு நேராக வரும், அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்கோப் இரண்டு விரல் உயரம் ஏறிவிட்டால் கன்னத்துக்கு இடமில்லை. கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி, தலையை அந்தரத்தில் நிறுத்திச் சுட வேண்டும். அன்று மான் வந்தபோது சைமா பழகிய மாதிரி கன்னத்தைப் பதித்தாள். ஸ்கோப்பில் கறுப்பு. தலையைத் தூக்கினாள், பாதி நிலா மாதிரி வெளிச்சம். இன்னும் தூக்கினாள், மான் தெரிந்தது, ஆனால் நடந்துகொண்டிருந்தது. அந்தரத்தில் ஆடிய தலையோடு சுட்டாள். மான் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சதுப்புக்குள் போய்விட்டது.

வசந்தத்தில் ஆர்னேயை அழைத்துக்கொண்டு பெரிய ஊரிலிருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனாள். ஆர்னே வேட்டையாடுவதில்லை. குடிலில் சமைப்பான், மீன் கழுவுவான், சானா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு போடுவான். கடைக்காரர் நேரே அவனிடம் வந்தார்.

"சாருக்கு என்ன பாக்கறீங்க?"

"எனக்கு ஒரு காபி கிடைச்சா போதும். துப்பாக்கி இவளோடது" என்றான் ஆர்னே.

கடைக்காரர் சைமாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மறுபடி ஆர்னேயிடமே பேசினார். ஒன்பது மடங்கு பெரிதாக்கும், அகலக் கண்ணாடி, அரை மைல் தூரத்து மானின் இமைகூடத் தெரியும் என்றார்.

"இங்க பாருங்க" என்றாள் சைமா, குரலைத் தாழ்த்தி. "நான் உட்கார்றது சதுப்பு ஓரம். எனக்குத் தெரியற மிகப் பெரிய தூரம் உங்க கடைக்கும் எதிர்ல இருக்கற பெட்ரோல் பங்குக்கும் உள்ள தூரம். மான் இமையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சின்னதா, லேசா, ரெண்டரை மடங்கு போதும். முன்பக்கம் குழாய் மாதிரி நேரா இருக்கணும், அகலக் கூடாது. இருக்கறதுலயே தாழ்வான வளையம் குடுங்க."

"மேடம், அவ்வளவு தாழ்வு வேணாம். நடு உயரம் எடுத்துக்கோங்க. ஏன்னா..."

"உயரம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்."

அவர் சொல்லவில்லை. தாழ்வான வளையங்களையே மாட்டிக் கொடுத்தார். வீட்டில் கன்னத்தைப் பதித்தாள். கண் திறந்ததும் முழு வட்டம், நடுவில் மெல்லிய சிலுவைக் கோடு. அப்படி ஒரு சந்தோஷம். பிறகு துப்பாக்கி காலி என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, கையுறை போட்டுச் சுத்தியைப் பின்னால் இழுக்கப் போனாள். இந்த வகைத் துப்பாக்கியில் சுடுமுன் பின்னாலிருக்கும் சுத்தியைக் கட்டை விரலால் இழுத்து நிறுத்த வேண்டும். ஸ்கோப்பின் பின்முனை அதன்மேல் படுத்துக் கிடந்தது. விரல் நுழைய இடமே இல்லை.

"அந்த ஆளு சொல்லவே இல்லியே!" என்று கொதித்தாள்.

"சொல்ல வந்தாரு" என்றான் ஆர்னே செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "எழுந்து போயிடுவேன்னு சொன்னது யாரு?"

மறுபடி அத்தனை தூரம் போக வேண்டியதாயிற்று. கடைக்காரர் சுத்தியின் பக்கவாட்டில் திருகி மாட்டும் சின்ன எஃகுக் குச்சி ஒன்றை எடுத்து வைத்தார். அதைப் பூட்டினால் விரலை ஸ்கோப்புக்கு அடியில் நுழைக்காமல் பக்கத்திலிருந்தே இழுக்கலாம். சைமா நன்றி சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் மான் இமையைப் பற்றிப் பேசியதற்கு இது சரியாகப் போயிற்று என்று கணக்குப் பண்ணிக்கொண்டாள். கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் ஒட்டிச் சுட்டுப் பழகினாள்.

நவம்பர் பதினான்காம் தேதி, பருவம் திறப்பதற்கு முந்தின மாலை, எல்லாரும் குடிலில் கூடியபோது அவள் வழக்கை எடுத்தாள். ராயின் துப்பாக்கியிலும் அதே உயர்ந்த வளையங்கள்தான். அதைக் காலி செய்து வாங்கி, வில்யோவிடம் நீட்டினாள்.

"பெரியவரே, கண்ணை மூடுங்க. எப்பவும் வெக்கற மாதிரி கன்னத்தை வைங்க. இப்ப திறங்க. என்ன தெரியுது?"

வில்யோ எண்பதைத் தாண்டியவர். குடிலும் நிலமும் அவருடையவை. அங்கே தீர்ப்பும் அவருடையது. "கறுப்பா இருக்கு" என்றார்.

"கழுத்தைக் கொஞ்சம் தூக்கணும் பெரியவரே" என்றான் ராய்.

"எதுக்குடா? மான் சுடவா, சர்ச் கூரை பாக்கவா?" என்றாள் சைமா. "இந்த வளையத்தை மாட்டினது இவன். தவற வெச்சது இவன். சட்டையை வெட்டினது இவன். பரணை எடுத்துக்கிட்டதும் இவன். இது எந்த ஊரு நியாயம்?"

வில்யோ தாடையைத் தடவினார். "நீ சொல்றது சரிதான் சைமா. ஆனா வளையத்துக்குச் சட்டை கிடையாது. உன் சட்டையைத்தான் வெட்ட முடிஞ்சது. தவறினவங்க ஜல்லிக்குழி. விதியை நான் மாத்த மாட்டேன்."

விடியற்காலை சைமா ஜல்லிக்குழிக்கு நடந்தாள். நாள் முழுக்க லாரிகளை எண்ணாமல் இருக்க முயன்றாள். பத்து மணி வாக்கில் சதுப்புப் பக்கம் ஒரு வெடி. உடனே இரண்டாவது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. மூன்று வெடி என்றால் மான் தவறிவிட்டது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

மாலையில் ராய் வெறுங்கையோடு வந்தான். ஆர்னே காபி ஊற்றினான். யாரோ கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார்கள்.

"இதைத் தவறினதா எடுத்துக்கக் கூடாது" என்றான் ராய். "நல்ல கொம்பு மான், முப்பதடி தூரத்துல. கன்னத்தை வெச்சேன், ஒண்ணும் தெரியல. தலையைத் தூக்கறதுக்குள்ள நகர்ந்துடுச்சு. வளையத்தோட கோளாறு அது. நான் என்ன பண்ண முடியும்?"

சைமா கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தை?"

"யாரோட கோளாறு?"

வில்யோவின் தோள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. "டேய் ராய், போன வருஷம் இவ இதைத்தானடா சொன்னா?"

"அது வேற, பெரியவரே."

"எப்படி வேற?"

ராய் காபியை ஊதிக்கொண்டிருந்தான்.

"சரி, நீயே முடிவு பண்ணு" என்றார் வில்யோ. "வளையத்தோட கோளாறுன்னா சைமா சட்டை சுவத்துலேர்ந்து இறங்குது, உன் சட்டையும் தப்பிக்குது. இல்லைன்னா ரெண்டும் தொங்கணும். எப்படியானாலும் சதுப்புப் பரண் அவளுக்கு."

ராய் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. எழுந்து ஆணியை நோக்கிப் போனான். அன்று அவன் போட்டிருந்தது மகள் பின்லாந்திலிருந்து வாங்கி வந்த கட்டம் போட்ட சட்டை.

"கையை எடு" என்றாள் சைமா.

"உங்களுக்காகத்தான் அண்ணி எடுக்கறேன்!"

"எடுக்கக் கூடாது. வளையம் கோளாறா இருந்தது உண்மை. அது கோளாறுன்னு தெரிஞ்சும் நான் சுட்டேன், தவறினேன், அதுவும் உண்மை. அது அங்கேயே தொங்கட்டும். நீயும் தவறின. திரும்பி நில்லு."

ஆர்னே கத்தரிக்கோலை எடுத்து வந்தான். மீன் சுத்தம் பண்ணும் கத்தரிக்கோல், செதில்கூட ஒட்டியிருந்தது. "இதுதான் கைக்குக் கிடைச்சுது" என்றான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு. சைமா நிதானமாக, கட்டத்தின் கோடு பிசகாமல் வெட்டினாள்.

மறுநாள் சிடார் சதுப்பில் பனி மெல்லப் பெய்தது. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் இளங்கொம்பு மான் ஒன்று மரங்களுக்கு நடுவிலிருந்து வெளிவந்து பக்கவாட்டில் நின்றது. சைமா பக்கத்துக் குச்சியைப் பிடித்துச் சுத்தியை இழுத்தாள். கன்னத்தைப் பதித்தாள். முழு வட்டம். தலை எங்கும் தேடிப் போகவில்லை. ஒரே வெடி.

வெடிச் சத்தம் கேட்டு ஜல்லிக்குழியிலிருந்து வந்தது ராய்தான். அவன்தான் பக்கத்தில் இருந்தான். மானையும் பார்த்தான், துப்பாக்கியையும் பார்த்தான். மெதுவாக, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "அண்ணி, இந்தத் தாழ்ந்த வளையம் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றான்.

சைமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கேக்காத. எனக்கு இன்னும் கோபம் தீரல. அந்தக் கொம்பைப் பிடி."

இருவரும் ஆளுக்கொரு கொம்பைப் பிடித்துப் பனியில் இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.