இருநூற்றுப் பன்னிரண்டாம் படம்

தென்காசி வீட்டு அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தபோது என் நான்காம் வகுப்பு வரைபட நோட்டு கிடைத்தது. உள்ளே வரைபடம் எதுவும் இல்லை. நாளிதழில் தினமும் மூன்று கட்டங்களாக வந்த படக்கதையை வெட்டி, சோற்றுப் பசை தடவி, பக்கத்துக்கு நான்காக ஒட்டியிருந்தேன். மூழ்கிய கப்பலைத் தேடிப் போகும் ஒரு முத்துக்குளிப்பவனின் கதை. தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன்.

கதை மோசம். முப்பது வருடம் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். பிறர் எழுதியதை வெட்டிக் குறைப்பதுதான் வேலை. முதல் கட்டம் நேற்று நடந்ததைத் திருப்பிச் சொல்கிறது. மூன்றாம் கட்டம் "இனி என்ன ஆகும்?" என்று கேட்கிறது. நடுக்கட்டத்தில் மட்டும் கதை ஓரடி நகர்கிறது. ஓர் ஆக்டோபஸோடு பதினொரு நாள் சண்டை. அந்தப் பதினொரு நாளும் பின்னால் நீந்துவது ஒரே மீன். திருப்பி வரையக்கூட ஓவியருக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் இதற்காகத்தான் ஓடி வந்தேன் என்பதை நினைக்க எரிச்சலாக இருந்தது.

இதற்காகத்தான் தம்பியையும் அடி வாங்க வைத்தேன்.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வரிசை எண் இருக்கும். 211 இருக்கிறது, 213 இருக்கிறது. இடையில் ஒரு படம் ஒட்டும் அளவுக்கு இடம் விட்டு, பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "தம்பி கிழித்துவிட்டான்." அவனுக்கு அப்போது ஏழு வயது. வாரக் கடைசியில் மொத்தமாக வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது 212 காணோம் என்றதும் நான் அவனைத்தான் காட்டினேன். அவன் இல்லை என்றான். இரண்டு நாள் இல்லை என்றே சொன்னான். அடி வாங்கியும் சொன்னான். மூன்றாம் நாள் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று தெருவில் செய்தி வந்தது. எங்கள் வீட்டில் சீசனின் முதல் குளியலுக்கு எல்லோரும் சேர்ந்துதான் போவோம். அப்பா வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று சொன்னார்: "ஒத்துக்கிட்டா அருவிக்கு வா. இல்லேன்னா இங்கனயே கிட."

அவன் ஒத்துக்கொண்டான். கிழித்து ஓடையில் விட்டதாகச் சொன்னான். அன்று எங்களோடு அருவியில் குளித்தான்.

அதன்பின் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பெயர்தான். கத்தரிக்கோல், பேட்டரி, பூட்டுச் சாவி. கல்யாண வீடுகளில் இதையே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தோம், அவனும் சிரித்தான். போன வருடம் அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் அம்மாவின் கம்மலைக் காணவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கண் அவன் பக்கம் போனது. போனதை அவன் பார்த்துவிட்டான். மறுநாள் கம்மல் அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. காரியம் முடிந்து போனவன் இன்றுவரை இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

நோட்டில் பசையைப் பூச்சி தின்றிருந்தது. படங்கள் தாமாகவே கழன்று வந்தன. பழக்கதோஷத்தில் பின்பக்கத்தையும் படித்தேன். படக்கதைக்குப் பின்னால் தினமும் அணைகளின் நீர்மட்டம் போட்டிருந்தார்கள்: கிழமை, அணையின் பெயர், நேற்று, இன்று. 211-இன் பின்னால் செவ்வாய். 213-இன் பின்னால் புதன். செவ்வாயன்று "இன்று" என்ற கட்டத்தில் இருந்த அதே அடி அளவுதான் புதனன்று "நேற்று" என்ற கட்டத்தில், ஒவ்வொரு அணைக்கும். இரண்டும் அடுத்தடுத்த நாட்கள். நடுவில் ஒரு நாளே இல்லை. 212 என்று ஒரு படம் வரவே இல்லை.

எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஓவியர் படங்களைக் கட்டாக அனுப்புவார், எண் போடமாட்டார். பக்கம் போடுபவர்தான் முந்தின நாள் தாளைப் பார்த்து அடுத்த எண்ணைப் போட வேண்டும். அவசரத்தில் ஒன்று தாவிவிட்டால் தாவியதுதான். மறுநாள் பின்னோக்கி வர முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒருமுறை தாவவிட்டேன். விட்டுப்போன படத்தைக் கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையில் போட்டோம். அப்போதுகூட என் நோட்டு எனக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரத்துக்கு பஸ் ஏறினேன். தம்பிக்கு அங்கே காய்கறிச் சந்தையில் வெங்காய மண்டி. மூட்டைகளுக்கு நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "நனைஞ்ச சரக்கை எனக்கு எதுக்குவே அனுப்புதீரு? நீரே சாம்பார் வச்சுக் குடியும்." என்னைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"என்னண்ணே, வீட்டுல ஏதும் காணலையா?"

"காணலைன்னு சொன்ன ஒண்ணு கிடைச்சிருக்குலே" என்று நோட்டை விரித்தேன்.

பார்த்ததும் சிரித்தான். "நான் கிழிச்ச படமா?"

"நீ கிழிக்கலை. அப்படி ஒரு படமே வரலை."

"வந்துச்சுண்ணே. இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கடலுக்கடியில ஒரு குகை. அவன் கையில விளக்கோட நிக்கான். மூணாவது கட்டத்துல ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். பயந்துபோய்க் கிழிச்சேன்."

"தண்ணிக்குள்ள விளக்கு எப்படிலே எரியும்?"

"அதைப் படம் போட்டவன்ட்ட கேளு."

எனக்கு எரிச்சல் ஏறியது. குற்றமில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். இவன் குற்றத்தை விட மறுக்கிறான். ஒத்துக்கொள்வதற்காகச் சொன்ன கதையை இத்தனை வருடம் கேலியாகக் கேட்டுக் கேட்டு, அதற்குப் படமும் வரைந்து வைத்திருக்கிறான். இரண்டு துண்டுகளையும் திருப்பி அவன் கையில் கொடுத்து, கிழமையையும் அடி அளவையும் விரல் வைத்துக் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தான். "செவ்வாய். புதன்."

"ஆமா."

"அப்போ அப்பாட்ட நான் சொன்னது பொய்."

"அருவிக்குப் போகணும்னு சொல்லியிருக்கே."

"இந்தத் தாளு ரெண்டும் கிடைக்கலைன்னா?"

நான் நோட்டை மூடினேன்.

"அம்மா கம்மலும் இப்படித்தான். டிரம்முக்குள்ள கிடைச்ச பிறகுதான் நீ என் மூஞ்சியை நேராப் பார்த்தே. உனக்குச் சாட்சி வந்தா நான் யோக்கியன். வராட்டி களவாணி. அப்படித்தானே?" குரலை உயர்த்தவில்லை. சரக்கைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினான்.

"தப்பு நடந்துபோச்சுலே" என்றேன்.

"யாரு பண்ணுனா?"

வாசலில் டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்து ஹாரன் அடித்தது. சுமை தூக்குகிறவர், "அண்ணாச்சி, எங்கன இறக்க?" என்று கேட்டார். தம்பி வாசலுக்குப் போனான். டெம்போ வந்ததால்தான் நான் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகும். அதற்கு முன்னால் வேண்டிய நேரம் இருந்தது. மூட்டை இறக்கி முடியும்வரை நின்றிருந்தாலும் இன்னும் நேரம் கிடைத்திருக்கும். நான் நிற்கவில்லை.

ஆபீஸில் திருத்தம் எழுதும் பொறுப்பு வெகுநாள் என்னிடம்தான் இருந்தது. உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், இரண்டு வரி. வெளியான செய்தியில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம். யார் செய்தது என்று போடும் வழக்கம் கிடையாது. அவனிடமும் அதே இரண்டு வரியில் பாதியைத்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன். 211-ம் 213-ம் இல்லை. பேசிக்கொண்டே அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்கவில்லை. இப்போது சேர்ந்தாற்போல மூன்று இடம் காலி. நடுவில் அந்தப் பென்சில் வரி மட்டும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அதை அடித்துவிட்டு, கீழே சரியான வரியை எழுத உட்கார்ந்தேன். நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் படம் வரவில்லை, எண் தாவியிருந்தது, தவறு நேர்ந்திருந்தது. அவனைக் கைகாட்டியவனை ஒன்றில்கூடக் காணோம்.