பொத்துவிலுக்குப் போன ஜீப்பின் நடுக்கம்

காலை ஒன்பது மணிக்குக் கல்முனைச் சந்தையடியில் ஜீப் புறப்பட்டது. பொத்துவில் நாற்பது மைலுக்கு மேல். நான் பிறந்த ஊர் அது. கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்தவன். அங்கே உம்மாவோடு இருக்கும் என் அக்கா, ராத்தாவுக்கு ஏழாம் மாதம். இரத்தம் கண்டிருக்கிறது, குலுங்காமல் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிள்ளை தங்கும் என்று அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சொன்னாராம். கோமாரிப் பக்கம் மாரி வெள்ளம் தெருவை மூடியதால் பஸ் இல்லை. கடக்கக்கூடியது வீரமுனைச் சின்னத்தம்பி அண்ணனின் ஜீப்தான். உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாள வண்டி. நாலு சில்லும் இழுக்கும். வயல் வெள்ளத்தில் நெல் ஏற்றவென்று, போன கிழமைதான் வண்டியைத் தாங்கும் வில்லுகளுக்குள் லொறி வில்லுப் பட்டைகளைச் சொருகி ஒரு சாண் உயர்த்தியிருந்தார்.

சாய்ந்தமருது தாண்டி வேகம் இருபத்தைந்து மைலைத் தொட்டதும் தரைத்தகடு நடுங்கத் தொடங்கியது. கால்வழியே ஏறிப் பல்லுக்குள் வந்துவிட்டது.

“என்னண்ணே இது? இதிலயா ராத்தாவக் கிடத்திக் கொண்டு வாற?”

“நேத்து நெல் ஏத்திப் போகக்குள்ள ஒண்டுமில்லையே மனே. சில்லுல சேறு பிடிச்சிருக்கும்.”

நிந்தவூரில் சேற்றைச் சுரண்டினோம். நடுக்கம் நிற்கவில்லை. பாலமுனையில் முன்சில்லைப் பின்னுக்கும் பின்சில்லை முன்னுக்கும் மாற்றினோம். அதுவும் வீண். அவர் பத்துச் சதத் தேநீரை ஆற அமரக் குடித்தார். நான் என் கோப்பையைத் தொடாமல் வண்டியில் ஏறி இருந்தேன். மெல்ல ஓட்டினால் நடுக்கமில்லைதான். இரத்தம் போகிறவளை வைத்துக்கொண்டு ஊர்ந்து எப்போது வந்து சேர்வது?

அட்டாளைச்சேனையில், அக்கரைப்பற்றுப் பள்ளிக்கு ஜும்ஆத் தொழ நடந்துகொண்டிருந்தவர்களைக் கண்டு பிரேக்கை மிதித்தார்.

“அல்லாஹ்வே! நிப்பாட்டாதீங்கண்ணே!”

“வெறும் வண்டிய வெச்சிக்கிட்டு, வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போற ஆக்கள நடக்க விடுறதா? நீ என்ன முஸ்லிம் மனே?”

ஏழு பேர் ஏறினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வேகம் முப்பதைத் தொட்டது. நடுக்கம் இல்லை! தரையில் கையை வைத்துப் பார்த்தேன், சத்தியமாக இல்லை. பள்ளியடியில் அவர்கள் இறங்க, நூறு யார் போகுமுன் மறுபடி பல் கிடுகிடுத்தது.

சின்னத்தம்பி அண்ணன் திரும்பிப் போய் அந்த ஆட்களையே பின்னால் ஏற்றியும் இறக்கியும் அடியில் படுத்துப் பார்த்தார். எழும்பும்போது முகமெல்லாம் எண்ணெய்.

“பிடிபட்டுட்டு! வண்டி உயர்ந்ததில சாப்ட் சரிஞ்சு நிக்கிது. பாரம் ஏறினா நேராகுது.”

எஞ்சின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு அது. சரிவு கூடினால் அதன் மூட்டுகள் வெட்டி வெட்டிச் சுற்றுமாம்.

“அப்ப பட்டையக் கழட்டுங்க.”

“கழட்டினா கோமாரித் தண்ணிக்குள்ள எஞ்சின் முங்கிடும்.”

மூன்று மணிக்குப் பொத்துவில். ராத்தாவின் முகம் வெளிறிக் கிடந்தது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று உம்மா அழுதார். பாரத்துக்கு வீட்டில் இருந்தது ராத்தாவின் கணவரான மச்சானின் விதைநெல் மட்டுமே.

“நனைஞ்சா முளைச்சிடும் மச்சான்,” என்றேன்.

“முளைச்சிட்டுப் போகட்டும். ஏத்துங்க!”

நாலு மூட்டையையும் மச்சான் தானே சுமந்து வந்து அடுக்கினார். மேலே மெத்தை, அதன்மேல் ராத்தா. தலைமாட்டில் உம்மா, கால்மாட்டில் மச்சான். பொத்துவிலை விட்டு வரும்போதெல்லாம் என் மனம் பின்னால் கிடந்து இழுக்கும். அன்று விட்டுவர அங்கே யாருமில்லை.

கோமாரியில் அடிமூட்டைகள் நனைந்தன. மச்சான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அக்கரைப்பற்று தாண்டி முப்பதில் ஓடினோம். காரைதீவை நெருங்கும்போது ராத்தா என் தோளைப் பிடித்தாள்.

“தம்பி...”

“நடுங்குதா ராத்தா? மெல்லப் போகச் சொல்லவா?”

“வண்டி இல்லடா. புள்ள உதைக்கிது.”

நான் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.