ஐயரம்மா சேமக்காலைக்குப் போன நாள்

நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் பூசை செய்யும் வாமதேவ ஐயரின் மனைவி பாலாம்பிகைக்குப் பொய் சொல்ல வராது. 1972ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு சனிக்கிழமை அதற்கும் துணிந்தாள்.

"சினேகிதியளோட சாட்டிக் கடலில குளிச்சிட்டு வாறன்" என்று ஐயரிடம் சொல்லிவிட்டு வள்ளம் ஏறினாள். குளிக்கப் போவது மெய்தான். அதற்கு முன் ஊர்காவற்றுறைச் சேமக்காலைக்குப் போவதைத்தான் சொல்லவில்லை.

ஐயர் வீட்டுப் பெண்கள் சுடலைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், புதைக்கும் சேமக்காலை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அங்கேதான் ஞானசவுந்தரி கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள். அப்போது கோயிலில் கொடியேறியிருந்தது. பாலாம்பிகையால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு தரமாவது அவள் தலைமாட்டில் நிற்கவேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து அவளை அரித்தது. பிறகு சாட்டியில் முழுகினால் துடக்கும் தீட்டும் போய்விடும், ஐயருக்கும் தெரியவராது.

கூட வந்தவர்கள் இருவர். மாக்கிறேற் ஊர்காவற்றுறைக்காரி, சரோஜினிதேவி வேலணைக்காரி. வழிகாட்ட வந்த மாக்கிறேற்றுக்கே இடம் தெரியவில்லை.

"சனத்துக்குள்ள நிண்டு அழுதனான். இடத்தை ஆர் பாத்தது?" என்றாள்.

தேடத் தொடங்கினார்கள். பழைய துறைமுகத்துச் சேமக்காலை அல்லவா, முன்பக்கமெல்லாம் ஒல்லாந்தர் காலத்துக் கற்கள். கப்பல் செதுக்கிய கல்லொன்றைக் கண்ட சரோஜினிதேவி, "செத்தும் இந்த ஆளுக்குக் கப்பலை விட மனமில்லை" என்றாள். மூவரும் சிரித்தார்கள். மத்தியானம் மற்ற இருவரும் மதிலுக்கு வெளியே இருந்து சாப்பிட்டார்கள். முழுகாமல் பாலாம்பிகை பச்சைத் தண்ணீரும் தொடவில்லை.

பின்பக்கத்தில் புதுக் குழிகள். மரக்குருசுகளில் எழுதிய பெயர்களை மாரி மழை கழுவிவிட்டிருந்தது. வெயில் சாய்ந்தது.

"இனியும் நிண்டால் சாட்டிக்குப் போக ஏலாது. கடைசி வள்ளத்தையும் விட்டிடுவீர்" என்றாள் சரோஜினிதேவி.

பாலாம்பிகை நகரவில்லை. எதிரே ஒரு மண்மேடு, மற்றவற்றைவிட ஒரு முழம் நீளம். பள்ளிக்கூடத்தில் ஞானசவுந்தரிக்கு நெட்டைப்பனை என்று பெயர் வைத்தவளே இவள்தான்.

"இவள்தான். வேற எந்தப் பொம்பிளைக்கு இவ்வளவு நீளம் வேணும்?"

மாக்கிறேற் சிரிக்கத் தொடங்கி அழுதாள். சரோஜினிதேவியும் அழுதாள். பாலாம்பிகைக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. நேரம் போவது தெரிந்தும் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தாள். சாட்டிக் குளிப்பு போனது. கடைசி வள்ளம் மட்டும் அருந்தப்பில் கிடைத்தது.

வீட்டு வாசல் படலையடியில் ஐயர் நின்றார். தலை காய்ந்திருந்ததை அவர் கண்டுவிட்டார். ஐயருக்குப் பொய் சொல்லலாம். அந்தத் துடக்கோடு குசினிக்குள் போய்ப் பிள்ளையாருக்கு மோதகம் அவிக்க முடியுமா?

"கிட்ட வராதையுங்கோ. சேமக்காலைக்குப் போட்டு வாறன். ஞானசவுந்தரியைப் பாத்தனான்."

ஐயர் கிணற்றடிக்கு நடந்து வாளியை இறக்கினார். கலியாணம் கட்டிய நாள் முதல் அவர் அவளுக்குத் தண்ணீர் அள்ளியதில்லை.

"இதில இரும்" என்றார். அவள் இருந்தாள். தலையில் தண்ணீர் விழுந்தது.

"இரத்த உரித்துக்காரருக்குத்தான் சாவு முழுக்கு எண்டு, அவள் செத்த அண்டைக்கு நான் சும்மா இருந்திட்டன். அண்டைக்கே நீர் முழுகியிருக்க வேணும்."

அப்போதுதான் பாலாம்பிகை வாய்விட்டு அழுதாள். ஐயர் மறுபடியும் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.