செங்கலுக்குப் பின்னால் நின்றவன்

ஒரு செங்கலுக்கு மரியாதை கொடுத்து, கப்பலைக் கோட்டை விடப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். நான் மட்டும் இல்லை... என் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

என் மனைவி மலர் கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "ஒண்ணும் அவசரமில்லங்க, மெதுவா வாங்க" என்றாள் போனில். அவள் "மெதுவா" என்றால் உடனே கிளம்பு என்று அர்த்தம். அது எனக்கு மட்டும் தெரிந்த அகராதி. "தலை பின்னத்தான் முடியல..." என்று இழுத்தாள் பாருங்கள், அதற்குப் பிறகு, அங்கிருந்து ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்தில், டாலிகஞ்சில் இருக்கும் என் ஹார்டுவேர் கடையில் உட்காரவே முடியவில்லை. ஆணி கேட்டவருக்குத் திருகாணி கொடுத்தேன்.

அந்தத் தீவுக்குப் போக அரசாங்கப் பாஸ் வேண்டும். அது கையில் இருந்தது. டிக்கெட்தான் இல்லை. ஆன்லைனில் தீர்ந்துவிட்டது, கவுண்டரில் கொஞ்சம் இருக்கலாம் என்றார்கள். கப்பல் மறுநாள் சாயங்காலம். அதை விட்டால் அடுத்தது எப்போது? வானிலையும் கடலும் சேர்ந்து முடிவு செய்யும்.

விடிந்ததும் துறைமுக ஜெட்டி கவுண்டருக்கு ஓடினேன்.

எங்கள் ஊர் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆட்கள் டீக்கடையில் இருப்பார்கள். பொருட்கள் வரிசையில் நிற்கும். ஹெல்மெட் ஒன்று, குடை ஒன்று, பாதி காலியான தண்ணீர் பாட்டில் ஒன்று. இதற்கு "நம்பர் போடுவது" என்று பெயர். ஹெல்மெட்டைத் தாண்டி ஒருவரும் போகமாட்டார்கள்.

அன்று பாட்டிலுக்குப் பின்னால் ஒரு செங்கல் இருந்தது. செங்கலுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஒரு மலையாளச் சேச்சி, கார் நிக்கோபாரில் டீச்சர். அவருக்குப் பின்னால் ஒரு வங்காளி தாதா. ரவுடி இல்லை, வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

என் மகள் ஷாலினி காலேஜ் முதல் வருஷம். சோஷியாலஜி. முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். "அப்பா, முதல் பாடமே இதுதான். பழகுன இடத்தைப் புதுசா வந்த ஆள் மாதிரி பாக்கணும். இந்த ரூலை யாரு போட்டா, எல்லாரும் ஏன் கேக்குறாங்கன்னு கேக்கணும்."

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவன். ஆனால் இந்தப் பாடத்தில் எனக்குக் கொஞ்சம் முன்னனுபவம் உண்டு. கூச்சக்காரனுக்கு வேறென்ன வேலை? பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதானே!

எனவே பார்த்தேன்.

"யே ஈட்டா கிஸ்கா?" செங்கல் யாருடையது என்று கேட்டார் சேச்சி.

"கான்ட்ராக்டரோட ஆளு" என்றது பின்னால் ஒரு தமிழ்க் குரல். "பெரிய இடம். நமக்கு எதுக்கு?"

"மேனே தேகா" என்றார் தாதா. தானே பார்த்தாராம்! இருட்டோடு வந்தானாம், நீலச் சட்டையாம், வைத்துவிட்டு ஆட்டோவில் போய்விட்டானாம்.

கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டைக்காரனுக்கு மீசை முளைத்தது. கழுத்தில் சங்கிலி வந்தது. புதிதாக வந்த ஒருவர் செங்கலைக் காலால் நகர்த்தப் போக, மூன்று நான்கு குரல்கள் ஒன்றாக அதட்டின. "அரே, மத் ஹட்டாவோ! எடுக்காதீங்க, யாரோ நம்பர் போட்டிருக்காங்க!"

கவுண்டரில் இரண்டு ஜன்னல்கள். இரண்டிலும் அதே கப்பலுக்கு டிக்கெட். பக்கத்து வரிசை சரசரவென்று நகர்ந்தது. எங்கள் வரிசையில் ஹெல்மெட், குடை, பாட்டில் மூன்றின் சொந்தக்காரர்களும் வாய் துடைத்துக்கொண்டு வந்து டிக்கெட் வாங்கிப் போனார்கள்.

"நெக்ஸ்ட்!" என்றார் கிளார்க்.

செங்கல் அசையவில்லை.

"செங்கல் பார்ட்டி எங்கப்பா?" யாரோ வாசலுக்கே போய்க் கூப்பிட்டார்கள். "ஓ பாய்... ஈட்டாவாலே பாய்!"

நான் ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம். ஒரே அடி. மலரின் பின்னாத தலை கண்ணில் நிற்கிறது, கால் நகரவில்லை. பின்னால் இருந்தவர்களும் தள்ளவில்லை. எல்லோரும் நீலச் சட்டைக்காகக் காத்திருந்தோம்.

அப்போது காற்றில் வாசல் கதவு படாரென்று அடித்தது. வாட்ச்மேன் முணுமுணுத்தபடி வந்தார். குனிந்து செங்கலை எடுத்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"பெருக்குறப்போ இங்க தள்ளி வச்சேன், மறந்துட்டேன்" என்றார்.

முதலில் சேச்சி சிரித்தார். பிறகு வரிசையே சிரித்தது. நாங்கள் தாதாவைப் பார்த்தோம். தாதா மேற்கூரையைப் பார்த்தார்.

நான் ஜன்னலுக்குப் போனபோது கிளார்க் கையை விரித்துவிட்டார். பக்கத்து ஜன்னலில் கடைசி டிக்கெட் போய்விட்டதாம். அங்கே செங்கல் இல்லையே!

"கேன்சல் ஏதாவது வந்தா சொல்றேன்" என்றார். வெளியே மரத்தடியில் சிதறி உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்ன... நான் நடந்துகொண்டே இருந்தேன்.

மதியம் ஜன்னல் திறந்தது. "ஒரே ஒரு டிக்கெட்!"

மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. வரிசைதான் கலைந்துவிட்டதே, யார் முதல், யார் அடுத்து? ஆளாளுக்கு "நான்தான், நான்தான்." வழக்கம்போல நான் ஓரத்தில்.

"நில்லுங்க!" சேச்சியின் டீச்சர் குரல். "எனக்கு முன்னே இந்த அண்ணன். ஈட்டாவுக்குப் பின்னே நின்னது இவர்தானே!"

"ஹாங் ஹாங், ஈட்டா கே பீச்சேவாலா!" செங்கலுக்குப் பின்னால் நின்றவன் என்றார் தாதா. இந்த முறை உண்மையிலேயே பார்த்திருந்தார்.

கூட்டம் விலகியது. இத்தனை வருஷம் இந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன், ஒரு கூட்டத்தில் என்னை யாரும் இப்படி அடையாளம் சொன்னதில்லை. பாதை விட்டார்கள்... செங்கலுக்கு விட்ட அதே மரியாதையோடு.

சேச்சிக்கும் அந்த டிக்கெட் வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் அவருக்கே கிடைத்திருக்கலாம். "நீங்க...?" என்று இழுத்தேன். "போங்க அண்ணா, லைன்னா லைன்" என்றார். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

ஷாலினிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குதித்தாள். "அப்பா, இதுதாம்பா சொசைட்டி!"

"எது... அந்தச் செங்கலா?"

"செங்கல் இல்லப்பா. அதுக்குப் பின்னால நீங்க எல்லாரும் நின்னீங்க பாருங்க, அது."

நின்றதால்தான் டிக்கெட் போனது. நின்றதால்தான் டிக்கெட் வந்தது. யாரும் போடாத அந்த ரூல் இல்லையென்றால், மதியம் முழங்கை பலமானவன்தான் கப்பல் ஏறியிருப்பான். அப்படியானால் அது நல்லதா, கெட்டதா? கேட்டேன். "அது அடுத்த செமஸ்டர்" என்று வைத்துவிட்டாள்.

இதைக் கப்பலில் இருந்து எழுதுகிறேன். காலையில் மலருக்குத் தலை பின்ன வேண்டும். புறப்படும் முன் ஷாலினியின் தலையில் பழகிப் பார்த்தேன், அவள் அதை உடனே அவிழ்த்துவிட்டாள். சேச்சி இந்தக் கப்பலில் இல்லை. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

உட்காரவும் இடமில்லை. காலியாக இருக்கிற ஒரே சீட்டில் யாரோ ஒரு துண்டைப் போட்டிருக்கிறார்கள். கப்பல் கிளம்பி இவ்வளவு நேரமாகியும் ஆள் வரவில்லை. யாருடையது என்று சத்தமாக... ஆமாம், சத்தமாகவே கேட்டேன். பதில் இல்லை. துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாதி சீட்டில்தான்.